மீன் தொட்டிக்கு ஒரு பிடி மணல்

நம் குடும்பங்களில் மீனைப் பற்றி அறியாதவர் எவரும் இல்லை. இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரம் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலும் காலையில் கண் விழிப்பதே மீன் கூடையின் வாசனையில்தான். ஆயினும் குழம்புக்கு வரும் மீன் வேறு. கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீன் வேறு. முன்னதை நாம் நன்கு அறிவோம். பின்னதையோ, பிள்ளைகளின் பிடிவாதத்திற்கு இணங்கி வாங்கி வந்து, மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாய் இழந்து, வெறுந்தொட்டியைப் பரண்மேல் ஏற்றி விடுகிறோம்.

மீன் இறப்பதற்குக் காரணம் பலவாகலாம். அவற்றுள் நாம் சிறிதும் ஐயுறாத ஒன்று தொட்டியின் அடியில் கிடக்கிறது. அதுதான் மணல். "கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது" என்று பையன் ஒரு பக்கெட் மணலை அள்ளி வருகிறான். அம்மா அதை இருமுறை அலசித் தொட்டியில் கொட்டுகிறாள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மணல் மீனுக்கும் நல்லதன்று. அது எடுக்கப்பட்ட கரைக்கும் நல்லதன்று. அப்படியானால் மணல் இல்லாமல் வெறும் கண்ணாடித் தரையிலா மீன் வளர்ப்பது? தேவையில்லை. ஒரு பிடி மணலைக் கொண்டே தொட்டியின் அடி முழுவதையும் மணற்பரப்பாக்கும் எளிய வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

கண்ணாடிக்குள் புகுந்த நீர்நிலை

மீனைத் தொட்டியிலிட்டு வளர்க்கும் பழக்கம் பழையது. கண்ணாடித் தொட்டியில், நீரும் செடியும் உயிரும் ஒன்றையொன்று தாங்குமாறு அமைத்துப் பார்க்கும் பழக்கமோ, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாகத்தான் உலகில் பரவியுள்ளது. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கென ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் எழுதிய நூலின் வழியாகவே 'அக்வேரியம்' என்ற சொல் வீடுதோறும் புகுந்தது.

நம் சென்னையும் இதில் பின்தங்கி விடவில்லை. மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய காட்சியகங்களுள் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், குண்டுவீச்சு அச்சத்தால் அது மூடப்பட்டது.

இன்றோ வண்ண மீன் என்றாலே நாடெங்கும் உச்சரிக்கப்படும் பெயர் கொளத்தூர். நம் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே உள்ள அவ்வூரிலும், அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, தங்கமீன், ஏஞ்சல், பைட்டர் முதலிய மீன்கள் அங்கிருந்து பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. அங்கே மீன் உற்பத்தி செய்யும் தொட்டிகளை உற்று நோக்குங்கள். பெரும்பாலானவற்றில் மணலே இராது, வெறுந்தரைதான். தொழிலாக மீன் வளர்ப்பவர் அடியில் அழுக்குத் தங்க இடங்கொடுப்பதில்லை. இந்த ஒரு செய்தியிலேயே நாம் கற்க வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது.

மணலுக்குள் நிகழ்வது என்ன?

மீன் உண்ட மிச்சமும் அதன் கழிவும் அடியில் படிகின்றன. அவை அழுகும்போது அமோனியா பிறக்கிறது. அமோனியா மீனின் செவுள்களை எரிக்கும் நஞ்சு. நல்வாய்ப்பாக, தொட்டியில் தாமாகவே குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீமை ஒப்புநோக்கக் குறைவு. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அதுவும் வெளியேறிவிடும்.

இந்த நுண்ணுயிர்கள் வாழப் பற்றுக்கோடு வேண்டும். மணலின் ஒவ்வொரு துகளும் அவற்றிற்கு ஒரு வீடு. ஆகவே மணல் வெறும் அலங்காரமன்று. அது தொட்டியின் துப்புரவுத் தொழிலாளி என்றே சொல்லலாம். செடிகளின் வேருக்கும் அது இடந்தரும். கீழிருந்து எதிரொளிக்கும் கண்ணாடியைக் கண்டு மிரளும் மீன், மணற்பரப்பின்மேல் அமைதியாக நீந்தும். அதன் நிறமும் எடுப்பாகத் தெரியும். இவையெல்லாம் மணலின் நன்மைகள்.

இனித் தீமையைப் பார்ப்போம். கடலடியிலும் ஆற்றடியிலும் மணல் ஓய்ந்து கிடப்பதில்லை. அலை புரட்டுகிறது, நீரோட்டம் இழுக்கிறது, நண்டும் புழுவும் இரவும் பகலும் கிளறுகின்றன. இரண்டடித் தொட்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மெல்லிய மணல் நாளடைவில் இறுகுகிறது. மேலிருந்து விழும் கழிவு உள்ளே இறங்குகிறது, காற்று இறங்குவதில்லை. உயிர்வளி இல்லாத அந்த அடியடுக்கில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. கண்ணாடியின் ஓரமாகப் பார்த்தால் மணலில் கறுத்த திட்டுகள் தெரியும். குச்சியால் கிளறினால் குமிழி எழும். அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. பல நாள் கிளறாத மணலை ஒரே நாளில் கிளறித் துப்புரவு செய்த வீடுகளில் மறுநாள் மீன்கள் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையையும் எண்ண வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். நீரே அரை மூட்டை அரிசிக்கும் மேலான எடை. அதில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு மணல் பரப்பினால் 14 கிலோ அளவுக்கு மணல் வேண்டும். குடியிருப்பு வாரிய வீட்டின் மூன்றாம் மாடியில், மரப்பலகைமேல் தொட்டியை வைத்திருப்பவர் இக்கணக்கைப் புறக்கணிக்கலாகாது.

மணலை நன்கு பராமரிக்கத் தெரிந்தவர், செடி வளர்ப்பில் நாட்டமுடையவர், தாராளமாக உண்மை மணலையே இடலாம். ஆனால், காலை ஷிப்டுக்கும் பள்ளிக்கும் ஓடும் இல்லத்தில், தொட்டி முதன்முறையாக வாங்கும் குடும்பத்திற்கு, மணலின் அழகு வேண்டும், அதன் தொல்லை வேண்டாம் என்றால் செயற்கை மணல்தரையே ஏற்றது.

நம் கரையின் மணலை ஏன் அள்ளக்கூடாது?

கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. அதை அலசிப் போக்கிவிடலாம். ஆனால் சிப்பித் தூளை அலசிப் போக்க இயலாது. சிப்பி என்பது சுண்ணாம்பு. அது நன்னீரில் மெல்ல மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்குகிறது. மோலி போன்ற சில மீன்கள் இதைப் பொறுக்கும். மென்னீரில் வாழும் சிறு மீன்கள் பொறுக்கமாட்டா. மணலில் சுண்ணாம்பு உண்டா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு கரண்டி உலர்ந்த மணலில் சில துளி வினிகரை விடுங்கள். நுரைத்தால் சிப்பி உண்டு என்று பொருள்.

நம் பகுதிக்கே உரிய வேறு காரணங்களும் உள்ளன. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் நெடுங்காலமாகப் படிந்துள்ளது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் கரையெங்கும் கரிய கூழாய் ஒதுங்கியதையும், அதை வாளி வாளியாய் அள்ளியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மீண்டும் எண்ணெய் கலந்து, முகத்துவாரத்து மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. இத்தகைய கரையிலிருந்து எடுக்கும் மணலில் என்னென்ன ஒட்டியுள்ளது என்பதைக் கண்ணால் கண்டறிய முடியாது. மேலும், நம் கரையில் ஆங்காங்கே காணும் கருமணலில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. காந்தத் துடைப்பானால் தொட்டியைத் துடைக்கும்போது அவை இடையில் சிக்கிக் கண்ணாடியைக் கீறிவிடும்.

எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நம் கரையில் மணலே குறைவு.

கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரு வழிப்போக்கன். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. பல இலட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு ஆண்டுதோறும் நடைபயணம் செய்கிறது. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நின்றன; மசூலாப் படகுகளில் நம் முன்னோர் சரக்கையும் மக்களையும் கரை சேர்த்தனர். 1876இல் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பும் பணி தொடங்கிற்று. அச்சுவர் அலையை மட்டுமா தடுத்தது? வடக்கே நடந்துகொண்டிருந்த மணலையும் தடுத்தது. தடைப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. உலகோர் புகழும் மெரினாவின் அகன்ற மணல்வெளி அவ்வாறு விரிந்ததுதான். வடக்கே வரவேண்டிய மணல் வராமையால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை அலை கரையைத் தின்னத் தொடங்கிற்று. வீடுகள் போயின; தெருக்கள் போயின. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவியலைக் காண்கிறோம். மணலைத் தேக்கி வைக்கக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளையும் காண்கிறோம்.

மெரினாவில் ஒரு பக்கெட் மணலை அள்ளினால் கரை குறைந்துவிடாது என்று ஒருவர் வாதிடலாம். நம் கரையைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல மனம் வருமா? படகை ஏற்ற இடமின்றி, வலையை உலர்த்த இடமின்றி, கல்லின்மேல் தடுமாறி நடக்கும் மீனவர் நம் உறவினர் அல்லரா? சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1991 முதல் நடைமுறையில் இருந்துவரும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் கடற்கரையில் மணல் தோண்டி எடுப்பதைத் தடைசெய்கின்றன. சட்டம் குறிவைப்பது லாரிகளை. ஆனால் சிறுவனின் பக்கெட்டிலிருந்தும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கலாம் அன்றோ?

செயற்கை மணல்தரை செய்யும் முறை

இதன் தத்துவம் மிக எளியது. நமக்குக் கண்ணில் படுவது மணலின் மேற்பரப்பு மட்டுமே. ஆகவே ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஒற்றை அடுக்கு மணலைப் பசையால் ஒட்டித் தொட்டியின் அடியில் பதித்துவிட்டால் போதும். 14 கிலோவுக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் மணல் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான்.

தேவையான பொருள்கள்: 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடிப் பலகை, தெளிந்த சிலிக்கோன் பசைக் குழல் ஒன்று, அதைப் பிதுக்கும் துப்பாக்கிக் கருவி, பட்டி பார்க்கும் தகடு, சல்லடை, 2 கிலோ மணல். ஒட்டாமல் உதிரும் மணலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பசை வாங்கும்போது விழிப்பு வேண்டும். குளியலறைக்கென விற்கும் சிலிக்கோனில் பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்திருக்கும். அது மீனையும் கொல்லும். மீன் தொட்டிக்கு உகந்தது என்று குழலின்மேல் அச்சிட்டிருப்பதையே வாங்குக. இறுகும்போது வினிகர் வாசனை வீசுவது இவ்வகைப் பசையின் இயல்பு.

மணல் உருண்டையாக இருக்க வேண்டும். துகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருப்பது நன்று. கட்டட வேலைக்கான எம்-சாண்டு, கருங்கல்லை உடைத்துச் செய்வது. அதன் முனைகள் கூரியவை. மீனின் வயிற்றையும் மீசையையும் கீறும். நீர் வடிகட்டும் தொட்டிகளுக்கென விற்கும் சிலிகா மணல் ஏற்றது. மீன் கடைகளிலும் கிடைக்கும். சாயம் ஏற்றிய நீலமணலும் சிவப்புமணலும் வேண்டா. மலிவான சாயம் நீரில் இறங்கும்.

முதற்படி, அளவு. தொட்டியின் உட்புற நீள அகலத்தை அளந்து, ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் குறைத்துக் கண்ணாடிக் கடையில் வெட்டச் சொல்லுங்கள். முனைகளைத் தேய்த்து வாங்குங்கள், கை அறுபடாது. தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்குக் கண்ணாடி இருந்தால் முழுப் பலகை உள்ளே நுழையாது; இரண்டு துண்டாக வெட்டிக் கொள்க.

இரண்டாம் படி, மணலைப் பக்குவப்படுத்தல். கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் வரும்வரை அரிசி களைவது போலக் களைந்து, சுட்டெரிக்கும் வெயிலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஈர மணல் ஒட்டாது. உலர்ந்த பின் சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி, ஒட்டுதல். காற்றோட்டமான இடத்தில், தாள் விரித்து, பலகையை ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள். சிலிக்கோன் ஐந்து பத்து நிமிடங்களில் ஆடை கட்டிவிடும். ஆகையால் பலகை முழுவதும் ஒரே நேரத்தில் பூசாமல், ஒரு சாண் அகலத்திற்கு மட்டும் பிதுக்கி, தகட்டால் 1 மில்லிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். உடனே அதன்மேல் மணலைத் தாராளமாகத் தூவி, ஒரு கண்ணாடிப் புட்டியை உருட்டி அழுத்துங்கள். பிறகு அடுத்த சாண். இரண்டடித் தொட்டிக்கு ஒரு குழல் போதுமானது. தூவுவது பிள்ளைகள் வேலை. பசை பூசுவது பெரியவர் வேலை என்று பிரித்துக் கொண்டால் வீடே ஒரு பட்டறையாகிவிடும்.

நான்காம் படி, காத்திருத்தல். தூவிய மணலை அப்படியே ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை உண்டே இப்பசை இறுகுகிறது. நம் கடலோரக் காற்று இதற்கு நல்ல துணை. மறுநாள் பலகையைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாத மணல் உதிரும். பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வழுக்கையாகத் தெரியும் இடங்களில் மறுபடி பசையிட்டு மணல் தூவுங்கள். இரண்டு மூன்று கூழாங்கற்களையும் ஆங்காங்கே ஒட்டிவிட்டால் தரை இயற்கையாய்த் தோன்றும்.

ஐந்தாம் படி, ஊறவைத்தல். வினிகர் வாசனை அறவே நீங்கும்வரை உலரவிட்டு, பிறகு அகன்ற தொட்டி நீரில் மூன்று நாள் ஊறவையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றுங்கள். இதில் அவசரம் காட்டினால் பலன் மீனின் தலையில் விடியும்.

ஆறாம் படி, பதித்தல். ஈரக் கண்ணாடியில் சிலிக்கோன் ஒட்டாது. மீன் தொட்டி, பலகை இரண்டும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். தொட்டியின் அடியில் கோலப்புள்ளி வைப்பது போல ஐந்தாறு இடங்களில் பசையிட்டு, பலகையை மெல்ல இறக்கி அமர்த்துங்கள். நான்கு ஓரங்களிலும் உள்ள சிறு இடைவெளியைப் பசையால் நிரப்பி, அதன்மேலும் மணலைத் தூவி விடுங்கள். ஓரம் திறந்திருந்தால் கழிவு அடியில் புகுந்து, எந்தத் தொல்லைக்கு அஞ்சினோமோ அதே தொல்லை அங்கே குடியேறும். ஒரு வாரம் கழித்து நீர் நிரப்பலாம்.

தரை பொய்யானால் வடிகட்டி மெய்யாக வேண்டும்

இங்கேதான் பலர் தவறுகின்றனர். உண்மை மணல் செய்துவந்த துப்புரவு வேலையை ஒட்டிய மணல் செய்யாது. அதன் மேற்பரப்பில் சிறிதளவு நுண்ணுயிர் தங்கும்; ஆழம் இல்லாததால் அது போதாது. ஆகவே நுண்ணுயிர்களுக்கு வேறு வீடு கட்டித்தர வேண்டும். மிக மலிவானதும் நம்பத்தக்கதும் ஸ்பாஞ்சு வடிகட்டி. சிறிய காற்றுப் பம்பொன்று அதை இயக்கும். ஸ்பாஞ்சின் கண்ணறைகளில் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே போதும். உணவும் சிட்டிகை அளவே போதும். ஏற்கெனவே நன்கு நடக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கடன் வாங்கி வைத்தால் காலம் குறையும்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது. குழாய் நீரில் உள்ள குளோரின், கிருமியைக் கொல்வது போலவே இந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரிலேயே மெல்லப் பிழிந்து எடுங்கள்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். புழல் ஏரி நீரும், 2010 முதல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் நீரும் நம் பகுதிக்கு வருகின்றன. இந்நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள். குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். கடைகளில் விற்கும் குளோரின் நீக்கிச் சொட்டு இன்னும் உறுதியானது. ஆழ்துளைக் கிணற்று நீரோ நம் பகுதியில் பல இடங்களில் உவர்ப்பேறியது. வாயில் வைத்துப் பாராமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஒரு ரப்பர் டியூபால் அடியிலுள்ள கழிவை உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஒட்டிய மணலில் கழிவு உள்ளே இறங்க முடியாது, மேலேயே கிடக்கும். ஆதலால் இவ்வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சில மாதங்களில் மணலின்மேல் பச்சைப் பாசி படரும். பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்தால் போய்விடும். சோப்பு மட்டும் எக்காலத்திலும் கூடாது. வெயில் நேரே படாத இடத்தில் தொட்டியை வைத்தால் பாசித் தொல்லை பாதியாகும்.

செடி வேண்டுவோர் அதை இத்தரையில் நட முடியாது. அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகிய செடிகள் மண்ணில்லாமலே கல்லிலும் மரத்துண்டிலும் பற்றி வளர்வன. நூலால் கட்டி வைத்தால் போதும். மற்றச் செடிகளைச் சிறு மண்சட்டியில் நட்டு உள்ளே வைக்கலாம்.

எம்மீனுக்கு ஏற்கும்?

தங்கமீன் வளர்ப்போர்க்கு இத்தரை பெரிதும் உதவும். அம்மீன் அடியைக் கிளறிக் கல்லை வாயிலிட்டுச் சுவைக்கும் இயல்புடையது. சில வேளை கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒட்டிய தரையில் அந்த அச்சமில்லை. மணலைத் தோண்டிக் குழிபறித்துக் கற்களைச் சாய்த்துவிடும் சிக்லிட் வகை மீன்களுக்கும் இது தக்க விடை. நடுநீரிலும் மேல்நீரிலும் நீந்தும் கப்பி, மோலி, பிளாட்டி, பைட்டர், ஏஞ்சல் முதலியவற்றிற்கு எவ்வகைத் தடையுமில்லை.

மணலை வாயால் சலித்து இரை தேடும் கோரிடோராஸ், மணலுக்குள் புதைந்து ஒளியும் விலாங்கு போன்ற மீன்கள் ஆகியவற்றிற்கு இத்தரை ஆகாது. அவற்றின் வாழ்வே மணலில்தான் அமைந்தது. நம் வசதிக்காக அவற்றின் இயல்பை மறுப்பது முறையன்று. அவற்றை வளர்க்க விரும்புவோர் மெல்லிய உண்மை மணலை 2 சென்டிமீட்டர் அளவுக்கு இட்டு, அடிக்கடி கிளறிவரக் கடமைப்பட்டவர்.

தொட்டியிலிருந்து கடலுக்கு

செயற்கையாக ஒரு மணற்பரப்பை அமைப்பது தொட்டிக்கு மட்டும் உரிய வேலையன்று. புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர் எழுந்த பின் நகரின் கடற்கரை மணல் முழுதும் மறைந்து, கல்லே எஞ்சியது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் இரும்பாலான ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. 2018-19ஆம் ஆண்டுகளில் அங்கே மீண்டும் மணற்கரை தோன்றிற்று. விசாகப்பட்டினத்தில், துறைமுகம் தடுத்து வைக்கும் மணலை வாரி, இராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டிக் கரையைக் காத்து வருகின்றனர். இழந்த மணலை மீட்பது எத்தனை கடினம், எத்தனை பொருட்செலவு என்பதற்கு இவையே சான்று. தானாக வந்த மணலை ஒரு சுவரால் நிறுத்திவிட்டோம்; அதை மீண்டும் வரவழைக்கப் பொறியியலறிஞர் பலர் முயல வேண்டியிருக்கிறது.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். உயிரைப் பேணும் பொறுப்பை அதைப்போல் கற்பிக்கும் விளையாட்டுப் பொருள் வேறில்லை. ஆனால் மணலுக்காக அவர்களைக் கரைக்கு அனுப்பாதீர்கள். பலகையை விரித்து, பசையைப் பூசி, அவர்கள் கையாலேயே மணலைத் தூவச் செய்யுங்கள். தூவும்போதே நம் கரையின் கதையையும் சொல்லுங்கள். தொட்டிக்குள் மணல் நின்றால் மீன் பிழைக்கும் என்பதையும், கடற்கரையில் மணல் நடந்தால்தான் ஊர் பிழைக்கும் என்பதையும் அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.